சென்சார் ‘ரிச்’ என்கிறது, என்ஜின் கொதிக்கிறது: பழைய புல்லட்டில் ஆக்சிஜன் சென்சார் வைத்து ஜெட் பார்க்கும் முயற்சி

சேலத்துப்புல்லட்
ஞாயிறு, காலை 7.40

அனைவருக்கும் வணக்கம். என் வண்டி 1996 புல்லட் 350. வார்ப்பிரும்பு என்ஜின், தீப்பொறிக்கு சி.பி. பாயிண்ட், 12 வோல்ட். பழைய கார்புரேட்டரின் ஸ்லைடு தேய்ந்து ஆடத் தொடங்கியதால் போன வருடம் மிக்குனி வி.எம்.28 மாட்டினேன். சைலன்சரும் மாறிவிட்டது, இப்போது இருப்பது உள்ளே தடுப்பு குறைந்த குட்டையான வகை. ஆகவே இந்த வண்டிக்கு இன்ன ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளைத் திருகு, எண் பெரிதானால் பெட்ரோல் அதிகம்) என்று சொல்ல எந்தக் கையேடும் இல்லை. நானேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதுவரை ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்தும் சத்தத்தைக் கேட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பகுதி பெட்ரோல் பங்க்குகளில், 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு வண்டியின் குணமே மாறிவிட்டது. பாதி ஆக்சிலேட்டரில் இழுவை தயங்குகிறது. பிளக்கின் நிறமும் முன்போல் பிடிபடவில்லை. இனி ஊகம் வேண்டாம், அளந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

காற்று-பெட்ரோல் விகிதத்தை எண்ணாகவே காட்டும் வைடுபேண்ட் மீட்டருக்கு எனக்குச் சொன்ன விலை பதினெட்டாயிரம் ரூபாய். அவ்வளவு என்னால் முடியாது. பழைய இரும்புக் கடையில் ஒரு காரிலிருந்து கழற்றிய நான்கு கம்பி ஆக்சிஜன் சென்சார் 350 ரூபாய்க்குக் கிடைத்தது. என்ஜினிலிருந்து புகை வெளியேறும் பெண்ட் பைப்பில் துளையிட்டு வெல்டிங் வைக்க 200. மெயின் ஜெட்டுகளுக்கு 400. மல்டிமீட்டர் வீட்டிலேயே இருந்தது. மொத்தம் ஆயிரத்தைத் தாண்டவில்லை.

மாட்டுவதற்கு முன் சென்சாரின் முனையைக் கேஸ் டார்ச்சின் நீலச் சுடரில் காட்டினேன். சற்று நேரத்தில் 0.85 வோல்ட் வரை ஏறியது. சுடரை விலக்கியதும் ஒரு நொடிக்குள் 0.1க்குக் கீழே விழுந்தது. வேகமாக ஏறி இறங்கியதால் சென்சார் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஓமலூர்ப் பக்கம் அதிகாலையில், ஆளில்லாத நேரத்தில், மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து ஓட்டினேன். பின்னால் அமர்ந்த நண்பர் மீட்டரைப் படித்தார். 125 ஜெட்டில் 0.89 வோல்ட். 120இல் 0.87. 115இல் 0.86. 110இல் 0.82. ‘0.8க்கு மேல் இருந்தால் ரிச்’, அதாவது பெட்ரோல் மிகுந்த கலவை, என்று பல இடங்களில் படித்திருந்தேன். அப்படியென்றால் 110 போதும், பெட்ரோலும் மிச்சமாகும் என்று அதையே விட்டுவிட்டேன்.

போன வாரம் இரண்டு பேராகத் தருமபுரி சென்றோம். தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தின் தொடக்கத்தில் நண்பர் படித்தபோது 0.81. பாதி ஏற்றத்தில் என்ஜினிலிருந்து கிணிகிணி என்று உலோகச் சத்தம். சூட்டு வாடை வேறு. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் காத்திருந்துதான் கிளம்ப முடிந்தது.

ரிச்சாக ஓடும் என்ஜின் இப்படிக் கொதிக்கக் கூடாது அல்லவா? சென்சார் பொய் சொல்கிறதா, அல்லது நான் அதைப் படிக்கும் விதம் தவறா?

முப்பதுவருடஸ்பேனர்
ஞாயிறு, காலை 9.15

தம்பி, முதலில் பாயிண்ட் இடைவெளியையும் டைமிங்கையும் பாருங்கள். டைமிங் முன்னால் ஏறியிருந்தால் எந்த ஜெட் போட்டாலும் அந்தச் சத்தம் வரும். ஸ்பார்க் முன்கூட்டியே வந்தால் என்ஜின் சூடாவதற்குக் கலவை காரணமே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதுரையில் முப்பது வருடமாகப் புல்லட் பார்க்கிறேன். முழு ஆக்சிலேட்டரில் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, அந்த நிலையிலேயே கிளட்சைப் பிடித்து என்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரியாததா? பீங்கானின் அடிப்பகுதியில், மரைக்கு உட்பக்கமாக ஒரு வளையம் தெரியும். அதுதான் கலவையைச் சொல்லும். எல்லோரும் நுனியின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் பிளக்கைக் குறை சொல்கிறார்கள். மீட்டரை வாங்கும் முன் இதைப் பழகியிருக்கலாம்.

மின்கம்பி
ஞாயிறு, காலை 11.02

ஸ்பேனர் ஐயா சொன்னபடி டைமிங்கை முதலில் பாருங்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேள்வி சென்சாரைப் பற்றியது என்பதால், அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் சிக்கலின் விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

சென்சாரின் முனையில் விரலுறை வடிவில் ஜிர்கோனியா என்ற பீங்கான் இருக்கிறது. இரு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. உட்பக்கம் வெளிக்காற்று, அதில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. வெளிப்பக்கம் புகை. பீங்கான் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானதும் இரு பக்கத்து ஆக்சிஜன் அளவின் வேறுபாடு மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் அருகே. ஏறக்குறைய இல்லாமல் போனால் 0.8, 0.9. இரண்டுக்கும் நடுவே, காற்றும் பெட்ரோலும் ஒன்றுக்கொன்று மிச்சமின்றி எரியும் புள்ளியில், மின்னழுத்தம் செங்குத்தாகப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் நடுப்பகுதிதான் 0.45 வோல்ட். அந்தக் கலவையைத்தான் லாம்டா 1 என்கிறோம். 1க்குக் கீழே போனால் ரிச், மேலே போனால் லீன், அதாவது பெட்ரோல் குறைந்த கலவை.

இந்தக் கருவி எதற்காகப் பிறந்தது என்று யோசித்தால் இன்னும் தெளிவாகும். 1976இல் போஷ் நிறுவனத்தின் சென்சார் வோல்வோ கார்களில்தான் முதலில் வந்தது. புகையின் நச்சைக் குறைக்கும் மூவழி வினையூக்கி மாற்றி ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால் கலவை லாம்டா 1ஐ ஒட்டியே இருக்க வேண்டும். ‘இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா’ என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவே அது செய்யப்பட்டது. ரிச் பக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறோம் என்று சொல்லும் வேலை அதற்குக் கொடுக்கப்படவில்லை.

உங்கள் எண்களையே பாருங்கள். 125 ஜெட்டுக்கும் 115 ஜெட்டுக்கும் வித்தியாசம் 0.03 வோல்ட்தான். ஆனால் பெட்ரோல் எட்டு விழுக்காட்டுக்கு மேல் மாறியிருக்கிறது. ரிச் பக்கத்தில் கோடு ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அங்கே சென்சாரின் சூடும் கணக்கில் சேர்கிறது. அதே கலவைக்கு, சென்சார் அதிகம் சூடானால் வோல்ட் குறைவாகக் காட்டும். ஆகவே 0.82 என்பதற்கு என்ன பொருள்? லாம்டா 1ஐத் தாண்டி ரிச் பக்கம் வந்துவிட்டீர்கள் என்பது மட்டும்தான். ஒரு முழம் தாண்டினீர்களா, ஒரு மைல் தாண்டினீர்களா என்பது அந்த எண்ணில் இல்லை.

காற்றால் குளிரும் என்ஜினுக்கு முழு ஆக்சிலேட்டரில் லாம்டா 0.85 முதல் 0.88 வரை வேண்டும். கூடுதல் பெட்ரோல் எரியாமலேயே ஆவியாகி அறையின் சூட்டை உறிஞ்சும். நீங்கள் லாம்டா 0.95 அருகே ஓட்டியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. சென்சாருக்கு அதுவும் ரிச்தான். ஆனால் ஏற்றத்தில் இரண்டு பேரைச் சுமக்கும் வார்ப்பிரும்பு என்ஜினுக்கு அது போதாது.

சேலத்துப்புல்லட்
ஞாயிறு, பிற்பகல் 2.30

டைமிங்கைப் பார்த்துவிட்டேன், ஐயா. சரியாக இருக்கிறது. பாயிண்ட்டும் போன மாதம் மாற்றியதுதான்.

மின்கம்பி அவர்களே, நீங்கள் சொன்னது புரிகிறது. ஆனால் ஒரு புள்ளியை மட்டும் காட்டும் கருவியை வைத்து, அந்தப் புள்ளியில் இல்லாத ஒரு கலவையை எப்படிப் பிடிப்பது? அப்படியானால் நான் வைடுபேண்டுக்குக் காசு சேர்க்க வேண்டியதுதானா?

மின்கம்பி
ஞாயிறு, மாலை 4.10

வேண்டியதில்லை. அந்த ஒரு புள்ளியை அது மிகத் துல்லியமாகக் காட்டுகிறது. அதை மைல்கல்லாக வைத்துக்கொண்டு அங்கிருந்து எண்ணி நடக்கலாம்.

முழு ஆக்சிலேட்டரில் ஜெட்டை ஒவ்வோர் எண்ணாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மீட்டர் 0.8இலிருந்து சரிந்து 0.45ஐச் சுற்றித் தடுமாறும் ஜெட் எது என்று பாருங்கள். அந்த ஜெட்டில் உங்கள் வண்டி லாம்டா 1. வேண்டியது 0.87 என்றால், அந்த ஜெட் எண்ணை 0.87ஆல் வகுங்கள். அவ்வளவுதான். பெட்ரோல் பதினைந்து விழுக்காடு கூட வேண்டும் என்பதே அந்தக் கணக்கு.

இதில் மூன்று எச்சரிக்கைகள்.

மிக்குனியின் அறுகோணத் தலை ஜெட்டில் எண் என்பது பெட்ரோல் பாயும் அளவைக் குறிக்கிறது. அதனால் நேரடியாக வகுக்கலாம். எண் துளையின் விட்டத்தைக் குறிக்கும் ஜெட்டுகளில் அப்படிச் செய்யக் கூடாது. பாய்வது பரப்பைப் பொறுத்தது. பரப்பு விட்டத்தின் வர்க்கம். அங்கே பதினைந்து விழுக்காடு பெட்ரோலுக்கு விட்டம் ஏழு விழுக்காடு கூடினாலே போதும். இரு வகை ஜெட்டுகளையும் கலந்து பயன்படுத்தினால் கணக்கு முழுவதும் பாழ்.

லாம்டா 1இல் முழு ஆக்சிலேட்டர் என்பது என்ஜினுக்கு ஆபத்தான இடம். தனியாளாக, சமதளத்தில், என்ஜின் அளவான சூட்டில் இருக்கும்போது, ஐந்து நொடி மட்டும். உலோகச் சத்தம் கேட்டால் அந்தக் கணமே ஆக்சிலேட்டரை மூடுங்கள். எப்போதும் பெரிய ஜெட்டிலிருந்து சிறியதற்கு இறங்கி வாருங்கள். கீழிருந்து ஏற வேண்டாம்.

தனியாக ஓட்டும்போது மீட்டரைக் குனிந்து பார்க்காதீர்கள். மல்டிமீட்டரைப் பெட்ரோல் டேங்கின் மேல் கட்டி, கைப்பேசியில் வீடியோ எடுங்கள். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்க்கலாம்.

இ20 பற்றிச் சொல்லியிருந்தீர்கள். கலப்பில்லாத பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இ10க்கு ஏறக்குறைய 14.1. இ20க்கு 13.5. எத்தனால் தன்னோடு ஆக்சிஜனையும் சேர்த்தே கொண்டுவருவதுதான் காரணம். ஜெட் மாறாமல் பெட்ரோல் மட்டும் இ10இலிருந்து இ20ஆக மாறினால் கலவை நான்கு விழுக்காடு லீன் ஆகிறது. ஏற்கெனவே விளிம்பில் இருந்த வண்டிக்கு அதுவே அதிகம். ஆனால் சென்சார் விகிதத்தைப் பார்ப்பதில்லை, மிஞ்சிய ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. எந்தப் பெட்ரோல் போட்டாலும் 0.45 என்பது லாம்டா 1தான். இந்தக் காலத்தில் அதற்காகவே இதை நம்பலாம்.

பீளமேடுலேத்
ஞாயிறு, இரவு 8.45

கணக்கை மின்கம்பி சொல்லிவிட்டார். பொருத்துவதில் நடக்கும் தவறுகளை நான் சொல்கிறேன். என் பட்டறைக்கு இதற்காகவே பலர் வந்திருக்கிறார்கள்.

கார் சென்சாரின் திருகு பெரும்பாலும் 18 மில்லிமீட்டர், பிட்ச் 1.5. அதே அளவு நட்டை வாங்கி பெண்ட் பைப்பில் வெல்டிங் வைக்கலாம். துத்தநாக முலாம் பூசிய நட்டாக இருந்தால் முலாமை முழுவதும் தேய்த்து எடுத்த பிறகுதான் வெல்டிங். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலில் படுக்க வேண்டிவரும். வெல்டிங் வைக்கும்போது நட்டுக்குள் ஒரு பழைய போல்ட்டை முடுக்கி வையுங்கள். இல்லையென்றால் சூட்டில் மரை கோணிவிடும்.

இடம் முக்கியம். என்ஜினிலிருந்து ஒரு சாண் தூரம் எனக்குச் சரியாக வந்திருக்கிறது. சைலன்சரின் கடைசியில் வைத்தால் வெளிக்காற்று உள்ளே திரும்பி வந்து எண்ணைக் கெடுக்கும். சென்சாரின் தலை மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த குழாயில் தேங்கும் நீர்த்துளி சூடான பீங்கானில் பட்டால் பீங்கான் வெடித்துவிடும். அதனால் வண்டியைக் கிளப்பி இரண்டு நிமிடம் கழித்தே சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டருக்கு மின்சாரம் கொடுங்கள். அதேபோல் சென்சார் குழாயில் இருக்கும்போது ஹீட்டர் இல்லாமல் நாள்கணக்கில் ஓட்டாதீர்கள். கரி படிந்துவிடும்.

பெண்ட் பைப் சேரும் இடத்தில் புகை கசிகிறதா என்று பாருங்கள். புகை வெளியே போகும் ஓட்டையில் காற்று உள்ளேயும் வரும். அதை அடைக்கச் சிலிக்கான் பசை தடவுகிறார்கள். அந்த ஆவி சென்சாரைக் கொன்றுவிடும். புதிய கேஸ்கெட் போடுவதுதான் வழி.

கடைசியாக ஒன்று. கம்பியை நீட்ட வேண்டுமானால் ஈயம் வைத்துப் பற்றவைக்காதீர்கள், அழுத்தி இணைத்து கிரிம்ப் செய்யுங்கள். பல சென்சார்கள் உட்பக்கத்துக்கு வேண்டிய வெளிக்காற்றைக் கம்பி இழைகளின் வழியாகத்தான் இழுக்கின்றன. ஈயம் அந்த மூச்சை அடைத்துவிடும்.

இரண்டாம்கியர்
திங்கள், காலை 6.55

அண்ணா, நானும் என் 150 சிசி வண்டியில் ஒரு கம்பி சென்சார் வைத்தேன். என்ன ஜெட் போட்டாலும் 0.1க்கு மேல் ஏறவே இல்லை. பிளக் கரியாக இருக்கிறது, புகையில் பெட்ரோல் வாடை அடிக்கிறது, மீட்டரோ லீன் என்கிறது. சென்சாரை மாற்ற வேண்டுமா?

மின்கம்பி
திங்கள், காலை 8.20

தம்பி, சென்சாரைத் தூக்கி எறியாதீர்கள். என்ஜின் தலையிலிருந்து காற்றுவடிகட்டிப் பக்கம் ஒரு ரப்பர் குழாய் போகிறதா என்று பாருங்கள். எரியாத பெட்ரோலைக் குழாயிலேயே எரித்துவிட, புகை வெளியேறும் வாசலில் புதிய காற்றைச் செலுத்தும் ஏற்பாடு பல வண்டிகளில் இருக்கிறது. அந்தக் காற்று சென்சாரின் மேல் நேராக அடிக்கும். சென்சார் ஆக்சிஜனை மட்டுமே அறியும். அது எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. ஜெட் பார்க்கும் நாளில் மட்டும் அந்தக் குழாயை அடைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மறக்காமல் பழையபடி மாட்டுங்கள்.

மிஸ்ஸிங் இருந்தாலும் இதே கதைதான். ஒரு தடவை தீப்பொறி தவறினால் அந்தச் சுற்றின் ஆக்சிஜன் முழுவதும் எரியாமல் வெளியே வரும். மீட்டர் லீன் என்று காட்டும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் மிஸ்ஸிங் இன்னும் மோசமாகும். ஒரு கம்பி சென்சாருக்கு ஹீட்டர் கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். ஐடிலிங்கில் அது குளிர்ந்துபோய் எதையும் காட்டாது.

ஆர்எக்ஸ்பிரியன்
திங்கள், காலை 10.40

இதையே ஆர்.எக்ஸ்.100க்குச் செய்யலாமா? என்னிடம் சென்சார் இருக்கிறது.

மின்கம்பி
திங்கள், முற்பகல் 11.05

வேண்டாம் நண்பரே. இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் புதிய கலவையின் ஒரு பகுதி எரியாமலேயே புகை வாசல் வழியாக ஓடிவிடும். அந்தக் காற்றின் ஆக்சிஜனைக் கண்டு சென்சார் எப்போதும் லீன் என்றே சொல்லும். எரியும் எண்ணெய் வேறு அதன் மேல் படிந்து சீக்கிரம் அழித்துவிடும். ஸ்பேனர் ஐயா சொன்ன பிளக் முறைதான் உங்கள் வண்டிக்குச் சரி.

சேலத்துப்புல்லட்
சனி, மாலை 6.20

ஒரு வாரம் கழித்து வருகிறேன். நிறைய நடந்துவிட்டது, வரிசையாகச் சொல்கிறேன்.

105 ஜெட்டைப் போட்டு ஓட்டினேன். முதல் மூன்று நொடி 0.6. ஆறாவது நொடியில் 0.15. ஆகா, புள்ளி கிடைத்துவிட்டது என்று வண்டியைத் திருப்பினேன். வீட்டில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது உறுத்தியது. கலவைதான் லீன் என்றால் தொடக்கத்திலிருந்தே லீனாக இருக்க வேண்டுமே, ஏன் நொடிக்கு நொடி சரிகிறது?

மறுநாள் 110ஐ மாட்டி, ஐந்து நொடிக்குப் பதிலாகப் பத்து நொடி ஓட்டினேன். எட்டு நொடி வரை 0.82. அதற்குப் பிறகு 0.3க்குச் சரிந்தது. அப்போதுதான் புரிந்தது. பெட்ரோல் குழாயின் பாய்ச்சல் போதவில்லை. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் தீரத் தீரக் கலவை லீன் ஆகிறது. டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் டேப்பைக் கழற்றினால் வலைவடிகட்டியில் துருவும் பழுப்பு நிறப் பிசுக்கும் அடைத்திருந்தன. தொப்பூர் ஏற்றத்தில் நடந்ததும் இதுதான். தொடக்கத்தில் 0.81 என்று படித்துவிட்டு நிம்மதியாக ஏறினோம். பாதியில் கிண்ணம் காலியாகிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது. பிளக் கடைசி நிலையைக் காட்டும். எந்த நொடியில் சரிந்தது என்பதை மீட்டர்தான் காட்டியது.

டேப்பைச் சுத்தம் செய்த பிறகு 110இல் பத்து நொடியும் 0.82 அசையவில்லை. 105இல் 0.3க்கும் 0.6க்கும் இடையே தடுமாறியது. ஆக 105தான் லாம்டா 1. 105ஐ 0.87ஆல் வகுத்தால் 120.7. இப்போது 120 ஓடுகிறது. மின்கம்பி சொன்ன கணக்கில் 110 என்பது லாம்டா 0.95தான், அவர் வண்டியைப் பார்க்காமலேயே சொன்னது சரியாக இருந்தது.

அடுத்து, பாதி ஆக்சிலேட்டரில் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஊசி. ஆக்சிலேட்டர் கைப்பிடியில் கால், அரை, முக்கால் என்று வெள்ளை டேப் ஒட்டிக்கொண்டேன். மணிக்கு 55 கிலோமீட்டரில் சீராக ஓட்டும்போது மீட்டர் 0.1, 0.2 என்றே நின்றது. அந்தத் தயக்கத்துக்கு இதுதான் காரணம். ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினேன். ஊசி ஒரு படி உயர்ந்தது. இப்போது 0.6க்கும் 0.75க்கும் நடுவே இருக்கிறது. தயக்கம் போய்விட்டது. லாம்டா 1க்குச் சற்று ரிச் பக்கம் இருப்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

ஐடிலிங்கில்தான் தோற்றேன். ஐடிலிங் காற்றைக் கட்டுப்படுத்தும் ஏர் ஸ்குரூவை எவ்வளவு உள்ளே திருகினாலும் மீட்டர் 0.15ஐத் தாண்டவில்லை. பெட்ரோல் வாடை மட்டும் கண்ணை எரித்தது.

முப்பதுவருடஸ்பேனர்
சனி, இரவு 9.00

டேப்பைக் கண்டுபிடித்தது நல்ல வேலை, தம்பி. அதை ஒப்புக்கொள்கிறேன். எத்தனை வண்டிக்கு அதே அடைப்பு இருந்து நான் ஜெட் மாற்றி அனுப்பியிருப்பேன் என்று இன்று முழுவதும் மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

ஐடிலிங்குக்கு மீட்டரை விடுங்கள். உங்கள் சைலன்சர் குட்டை. ஒற்றைச் சிலிண்டர் மெதுவாக ஓடும்போது ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவே வெளிக்காற்று சென்சார் வரை உள்ளே வந்து போகும். என்ஜின் நன்றாகச் சூடானதும் ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏர் ஸ்குரூவைக் கால் சுற்று கால் சுற்றாக வெளியே திருகுங்கள். வேகம் உச்சத்துக்கு வந்து மறுபடி குறையத் தொடங்கும் இடத்தைக் காதால் பிடியுங்கள். உச்சத்திலிருந்து ஒரு மயிரிழை உள்ளே வந்து நிறுத்துங்கள். வி.எம். கார்புரேட்டரில் அது காற்றுத் திருகு என்பதால் உள்ளே போனால் ரிச். என்ஜின் பக்கம் திருகு வைத்த கார்புரேட்டர்களில் இது நேர்மாறு. அதைக் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம்.

பீளமேடுலேத்
சனி, இரவு 9.40

ஐயா சொன்னதற்கு ஒரு சான்று. சைலன்சரின் வாயில் ஒரு முழ நீளக் குழாயைத் தற்காலிகமாகச் செருகிப் பாருங்கள். ஐடிலிங் எண் மாறினால் வெளிக்காற்றுதான் குற்றவாளி.

நீலமலைஓட்டி
ஞாயிறு, காலை 8.05

நான் ஊட்டியில் இருக்கிறேன். சேலத்தில் சரியாக இருக்கும் 120 இங்கே வந்தால் என்ன ஆகும்? இங்கு வரும் சமவெளி வண்டிகள் எல்லாம் புகைத்துக்கொண்டே ஏறுகின்றன.

மின்கம்பி
ஞாயிறு, காலை 9.30

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 20 விழுக்காடு குறைவு. கார்புரேட்டருக்குள் காற்று குறையும்போது பெட்ரோலை இழுக்கும் உறிஞ்சலும் குறையும், ஆனால் அதே அளவுக்கு அல்ல. கலவையின் மாற்றம் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். 0.8இன் வர்க்கமூலம் 0.89. அதாவது பெட்ரோல் பதினொரு, பன்னிரண்டு விழுக்காடு மிகுந்துவிடும். கடல்மட்டத்தில் 120 கேட்கும் வண்டி உங்கள் ஊரில் 107 அருகே கேட்கும். சேலமே கொஞ்சம் உயரம் என்பதால் அங்கிருந்து வரும் வண்டிக்கு வித்தியாசம் சற்றுக் குறையும்.

மலையேறுவதற்காகச் சேலத்துக்காரர் ஜெட்டை மாற்ற வேண்டியதில்லை. ரிச்சாக ஏறுவதால் இழுவையும் மைலேஜும் குறையுமே தவிர என்ஜின் கெடாது. நீங்கள் ஊட்டியில் வைத்த ஜெட்டோடு மேட்டுப்பாளையம் இறங்கிச் சமவெளியில் முழு ஆக்சிலேட்டர் திருகினால்தான் ஆபத்து. அங்கே நீங்கள் லீன். இறங்கும் முன் ஜெட்டை மாற்றிவிடுங்கள்.

சேலத்துப்புல்லட்
ஞாயிறு, மாலை 5.15

ஸ்பேனர் ஐயாவுக்கு நன்றி. காதால் பிடித்ததில் ஏர் ஸ்குரூ ஒன்றரைச் சுற்றில் நின்றது. ஒரு முழக் குழாயைச் செருகியதும் ஐடிலிங் எண் 0.15இலிருந்து 0.7க்குப் போனது. குற்றவாளி வெளிக்காற்றுதான்.

இன்று அதே நண்பரோடு தொப்பூர் ஏறி வந்தேன். போன முறை நின்ற அதே இடத்தில் நிறுத்தி என்ஜினுக்கு அருகே கையை வைத்துப் பார்த்தேன். சூடு இருந்தது, அந்த வாடை இல்லை, அந்தச் சத்தமும் இல்லை. மீட்டர் ஏற்றம் முழுவதும் 0.86, 0.87. அந்த எண்ணை இப்போது நான் படிப்பதே இல்லை. திடீரென்று சரிகிறதா என்று மட்டும் நண்பரைப் பார்க்கச் சொன்னேன். சரியவில்லை.

சென்சாரைக் கழற்றிவிட்டு, துளையை 18 மில்லிமீட்டர் போல்ட்டாலும் செப்பு வாஷராலும் மூடிவிட்டேன். இரண்டாம்கியர் தம்பி, உங்களுடையது ஒரு கம்பி என்றீர்கள். என் நான்கு கம்பி சென்சார் சும்மாதான் இருக்கிறது, கூரியரில் அனுப்பவா? வெள்ளைக் கம்பிகள் இரண்டும் ஹீட்டர், கருப்பு சிக்னல், சாம்பல் அதன் எர்த். சிக்னலையும் எர்த்தையும் நேராக மல்டிமீட்டருக்குக் கொண்டுபோங்கள், வண்டியின் பாடியில் சேர்க்காதீர்கள்.

இரண்டாம்கியர்
ஞாயிறு, மாலை 6.02

அனுப்புங்கள் அண்ணா, மிக்க நன்றி. அந்த ரப்பர் குழாய் என் வண்டியிலும் இருந்தது. அடைத்ததும் மீட்டர் 0.8க்கு ஏறிவிட்டது. ஆனால் என் பெண்ட் பைப் மெலிதானது. 18 மில்லிமீட்டர் நட்டு அதில் உட்காருமா?

பீளமேடுலேத்
ஞாயிறு, இரவு 7.30

உட்காரும். நட்டைக் கொஞ்சம் உயரமாகச் செய்தால் சென்சாரின் நுனி மட்டும் புகையில் நிற்கும், பாதையை அடைக்காது. குழாயின் வெளிவிட்டத்தை அளந்து சொல்லுங்கள் தம்பி. அந்த வளைவுக்கு ஏற்ப அடிப்பக்கத்தைக் கடைந்து அனுப்புகிறேன்.